இரண்டு பாலைவனங்கள், ஒரு பிக்கப்: டெல்லியிலிருந்து குளிர்காலத்தில் கிளம்புவோருக்கு மீட்புச் சாமான் வழிகாட்டி

"பாலைவனத்துக்குப் போறவனுக்குப் பனி வார்ற சவல் எதுக்குடா?" என்று சித்தப்பா கேட்டார். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் கீழே பிக்கப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதில் தப்பில்லை. பாலைவனம் என்றால் நமக்கு மணலும் ஒட்டகமும்தான் நினைவுக்கு வரும்.

டெல்லியிலிருந்து ஏறத்தாழ 750, 800 கிலோமீட்டரில் இரண்டு பாலைவனங்கள் இருக்கின்றன. தென்மேற்கே போனால் ஜெய்சல்மேர், தார் பாலைவனம். வடக்கே சிம்லா, கின்னௌர் வழியாக ஏறினால் ஹிமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி. 2009-இல் மத்திய அரசு குளிர்ப் பாலைவன உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்த பகுதி அந்தப் பக்கம்தான். மழை கிடையாது, மரம் கிடையாது, ஆற்றோரத்தில் மணல் பறக்கும். ஆனால் ஜனவரியில் இரவு மைனஸ் 20 சாதாரணம். இரண்டு இடத்துக்கும் பெரும்பாலும் ஒரே பெட்டிதான் போகிறது. ஸ்பிதிக்கு மட்டும் கூடவே ஒரு பை.

என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல் எங்கும் கிடைக்கும். வாங்கியதை வண்டியில் எங்கே வைப்பது, விரல் விறைத்த நேரத்தில் எந்த வரிசையில் எடுப்பது என்பதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டிருக்கிறேன். முதல் தடவை ஸ்பிதி போகும் வழியில் நாக்கோ என்ற ஊருக்கு முன்னால், சாயங்காலம் நாலரை மணிக்கு, பின்சக்கரம் மலையோர வாய்க்காலில் இறங்கிவிட்டது. சவல் பின்தொட்டியில், எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில். தொட்டிக் கதவின் பூட்டு உறைந்து போயிருந்தது. பிளாஸ்கில் இருந்த வெந்நீரை ஊற்றினேன். கதவு திறந்தது, உண்மைதான். ஆனால் அதே தண்ணீர் அடுத்த சில நிமிடங்களில் மறுபடி உறைந்து, திரும்ப மூட முடியாமல் செய்தது. பின்னால் வந்த லாரிக்காரர் தன் இருக்கைக்குப் பின்னாலிருந்து சவலை உருவிக்கொண்டு இறங்கி வந்தார். அன்றிலிருந்து என் சவலும் இருக்கைக்குப் பின்னால்தான்.

இனி ஒவ்வொரு படியாகப் போகலாம். இரட்டை கேபின், நான்கு சக்கர ஓட்டம், லோ ரேஞ்ச் (மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு ஓட்டும் கியர்) உள்ள டீசல் பிக்கப்பை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: சாமானுக்கு முன்னால் வண்டியின் ரத்தம்

டெல்லியில் உள்ள தமிழ் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிசம்பர் வந்தால் குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் கல்லாகிவிடும். அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலையில் தேய்க்க வேண்டும். டீசலும் இதே கதைதான். அதில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் திரிந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் விற்கும் சாதாரண டீசல் 6 டிகிரி வரைக்கும் ஃபில்டரை அடைக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் நம் தரவிதி. கைக்கு வரும் டீசல் அதைவிட நன்றாகவே இருக்கலாம். ஆனாலும் மைனஸ் 20-க்கு அதை நம்பிப் படுக்கப் போக முடியாது.

அதனால் டெல்லி டீசலை மேலே சுமந்து போகாதீர்கள். கீழ்நாட்டு டீசல் தீரும்படி கணக்குப் போட்டு, கின்னௌரில் ரெக்காங் பியோவுக்குக் கீழே பவாரியில் ஒரு முறை, ஸ்பிதியின் தலைமை ஊரான காசாவில் ஒரு முறை நிரப்புங்கள். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. நீங்கள் நிரப்பும் பங்கில் அந்த வகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லும் பழைய டிரைவர்கள் இருப்பார்கள். பழைய எஞ்சினுக்கு அது ஓடியிருக்கலாம், பிஎஸ்-6 வண்டியின் பம்புக்கும் புகைவடிகட்டிக்கும் வேண்டாம். டேங்குக்கு அடியில் தீ மூட்டுவதையும் பார்ப்பீர்கள். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலையில் முதல் வெயில் எஞ்சின் பக்கம் விழும்படி வண்டியை நிறுத்துவது பாதி வேலையை முடித்துவிடும்.

கூலன்ட்: எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிப் பாதி இருந்தால் மைனஸ் 35-ஐத் தாண்டியும் உறையாது. டெல்லி கோடையில் யாராவது வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் இந்தக் கணக்கு போச்சு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அளவுகருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவம் ஊற்றுகிற வண்டி என்றால் அது மைனஸ் 11-இல் உறையும். அதற்கு வண்டியே சூடேற்றி வைத்திருக்கும். நீங்கள் பயப்பட வேண்டியது பின்னால் வைத்திருக்கும் முழு கேனுக்குத்தான், விரிந்து வெடிக்கும்.

பேட்டரி நான்கு வயதைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். மைனஸ் 18 வாக்கில் நல்ல பேட்டரியே பாதி பலத்தில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: நிரந்தரப் பெட்டி

எந்தப் பாலைவனத்துக்குப் போனாலும் இறங்காத பெட்டி இது.

சவல். மண்வெட்டி இல்லை. இந்தியில் பாவ்டா என்று கேட்டால் நம் ஊர் மண்வெட்டியைத்தான் தருவார்கள். அதை ஓங்க வண்டிக்கு அடியில் இடம் கிடையாது. பேல்ச்சா என்று கேளுங்கள். நேர் அலகு, முழுக்கை நீளம் பிடி. மடக்குகிற சின்னச் சவல் அழகாக இருக்கும், ஒரு டன் பனிக்கு முன்னால் அது தேக்கரண்டி.

இழுவைப் பலகைகள் ஒரு ஜோடி. பற்கள் உள்ள பிளாஸ்டிக் பலகை மணலிலும் பனியிலும் ஒன்றுபோல வேலை செய்யும். பளிச்சென்ற நிறத்தில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மீட்டர் சிவப்புக் கயிறு கட்டிவிடுங்கள். சக்கரம் ஏறியதும் பலகை புதைந்துபோகும், கயிறு வெளியே தெரியும். சக்கரத்தைப் பலகைமேல் சுழலவிட்டால் பற்கள் உருகி வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் அது முதுகு சொறியக்கூட உதவாது.

இழுவைப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளைக் கொல்லக்கூடியது இந்தப் பெட்டியில் இது ஒன்றுதான். இரண்டு வகை உண்டு. நீளாத பாலியஸ்டர் பட்டை மெதுவாக இழுக்க. நீளும் நைலான் பட்டை, அதாவது கைனடிக் கயிறு, ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கி வண்டியை உருவி எடுக்க. வண்டி இரண்டு டன் என்றால் பட்டையின் அறுபடும் பளு எட்டு டன் அளவில் இருக்கட்டும். பட்டையை வண்டியோடு பிணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிள் 19 மில்லிமீட்டர், அதன்மேல் 4.75 டன் என்று பொறித்திருக்க வேண்டும். எண் பொறிக்காத ஷேக்கிளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கி வந்த பட்டையில் "10 டன்" என்று அழகாக அச்சடித்திருந்தது. தையலை நகத்தால் நெம்பினேன், பிரிந்து வந்தது.

டிரெய்லர் மாட்டுகிற உருண்டைக் கொக்கியில் ஒருபோதும் பட்டையை மாட்டாதீர்கள். அது பிய்த்துக்கொண்டு பறந்தால் பீரங்கிக் குண்டு. சட்டகத்தோடு போல்ட் போட்ட, பளு குறிப்பிட்ட இழுவை முனைகள் முன்னும் பின்னும் இருக்கின்றனவா என்று டெல்லியிலேயே படுத்துப் பாருங்கள். பட்டையின் நடுவில் கனமான ஒரு கம்பளியைப் போட்டு, மனிதர்கள் எல்லாம் பட்டையின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நின்ற பிறகே இழுக்க வேண்டும். அப்புறம் ஒன்று: ஸ்பிதி சாலையில் கைனடிக் கயிறை நான் எடுப்பதே இல்லை. அது வேலை செய்ய இழுக்கிற வண்டி ஓடி வந்து உந்த வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், கீழே ஐஸ். அங்கே ஓடி வந்து உந்துவது மீட்பு இல்லை. அது தாரின் மணல்மேடுகளுக்கான சாமான்.

பாட்டில் ஜாக்கியும் அதற்கு அடியில் போட ஒன்றரை அங்குல மரப்பலகையும். பலகை இல்லாத ஜாக்கி மணலிலும் பனியிலும் தான் மட்டும் உள்ளே இறங்கும், வண்டி அப்படியே இருக்கும்.

காற்று கம்ப்ரசர், காற்றழுத்த மீட்டர். கம்ப்ரசரை பேட்டரி முனையில் மாட்டுகிற வகையாகப் பாருங்கள், எஞ்சின் ஓடும்போதே பயன்படுத்துங்கள்.

ஜம்பர் கேபிள், தலையில் மாட்டும் டார்ச், முக்கோண எச்சரிக்கைப் பலகை, முதலுதவிப் பெட்டி. கேபிளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: தடிமனான ரப்பருக்குள் தலைமுடி போல நாலு கம்பி வைத்து விற்கிறார்கள். முனையைப் பிரித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

மூன்றாம் படி: ஸ்பிதிக்கான கூடுதல் பை

பனிச் செயின். உங்கள் டயர் அளவுக்கு ஏற்றதா, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அதற்கு இடம் இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டில் பாருங்கள். ஒரே ஜோடி என்றால் எந்தச் சக்கரத்தில் என்பதும் அதிலேயே இருக்கும். நாலு சக்கரத்துக்கும் வாங்க முடிந்தால் இறக்கத்தில் நிம்மதி. செயின் போட்டால் மணிக்கு 30, 40-க்கு மேல் வேண்டாம், பனி இல்லாத தார்ச்சாலை தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். முக்கியமாக, வீட்டு வாசலிலேயே மூன்று முறை மாட்டிக் கழற்றுங்கள். மூன்றாவது முறை கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு. எதிர்வீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் சரி.

காய்ந்த மணல் பத்து கிலோ. "மணல் பாலைவனத்திலேயே கிடைக்குமே" என்று சித்தப்பா இரண்டாவது கேள்வி கேட்டார். கிடைக்கும். ஜனவரியில் அது செங்கல் மாதிரி உறைந்து கிடக்கும். டெல்லியில் வீடு கட்டும் சாமான் கடையில் பதர்பூர் என்று கேட்டால் சொரசொரப்பான சிவப்பு மணல் தருவார்கள். மாடியில் இரண்டு நாள் காயவைத்து, ஐந்து ஐந்து கிலோவாக இரண்டு பைகளில் கட்டுங்கள். ஐஸ் மேல் தூவ இதைவிட நல்லது கிடையாது. உப்பு எடுத்துப் போகாதீர்கள். மைனஸ் 10-க்குக் கீழே அதற்கு வேகம் இல்லை, வண்டிக்குத் துருதான் மிச்சம்.

கையுறை இரண்டு ஜோடி: உள்ளே கம்பளி, வெளியே ஒரு அளவு பெரிய ரப்பர் பூசிய வேலைக் கையுறை. வெறுங்கையால் ஷேக்கிளைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

ஆளுக்கு ஒரு தூங்கும் பை, மைனஸ் 15-ஐத் தாங்கக்கூடியது. வண்டி நின்றுபோனால் இதுதான் உங்கள் ஹீட்டர். எஞ்சினை ஓடவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கலாம் என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலையில் பனியில் மாட்டிய கார்களிலேயே இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். பனி புகைக்குழாயை மூடிக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று டாஷ்போர்டில் இருக்கட்டும்.

சாப்பாடு: சோறு உறையும், இட்லி கல்லாகும். அம்மா கட்டிக் கொடுக்கும் புளியோதரை சிம்லாவைத் தாண்டி நார்கண்டா வரைக்கும் தாங்கும், அதோடு சரி. கடலை மிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, முறுக்கு, பேரீச்சை. பொரிவிளங்காய் எப்படியும் கல்தான், குளிரில் கூடுதலாகக் கெட ஒன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல்மட்டம்தான் முதலில் உறையும், மூடிப் பக்கம் தப்பித்துவிடும். கேன் என்றால் முக்கால் மட்டும் நிரப்புங்கள்.

நான்காம் படி: எது எங்கே

பிக்கப்பின் தொட்டி திறந்த வீடு. கேன்வாஸ் மூடி போட்டாலும் பொடிப் பனியும் புழுதியும் நுழையும், கதவு உறையும். அதனால் ஒரே விதி: மாட்டிக்கொண்ட முதல் பத்து நிமிடத்தில் தேவைப்படும் எதுவும் தொட்டிக்குள் போகக்கூடாது.

கேபினுக்குள், பின் இருக்கைக்குப் பின்னாலோ காலடியிலோ: சவல், செயின் பை, ஒரு மணல் பை, கையுறை, டார்ச், தூங்கும் பைகள். கைநீட்டினால் ஓட்டுநருக்கு எட்ட வேண்டும். லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் இருந்தால் இரவில் அதை அறைக்குள் எடுத்துப் போங்கள், காலையில் உங்கள் ஜாக்கெட்டுக்குள் வரட்டும்.

தொட்டியில் கனமான பெட்டி பின் அச்சுக்கு மேலோ சற்று முன்னாலோ உட்கார வேண்டும். காலித் தொட்டியோடு போகும் பிக்கப்பின் பின்புறம் ஐஸில் நாட்டியம் ஆடும். அறுபது, எழுபது கிலோ அச்சின்மேல் இருந்தால் அடங்கும். அதையே அச்சைத் தாண்டிக் கடைசியில் வைத்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி போய்விடும். ராட்செட் பட்டையால் கட்டுங்கள், ரப்பர் கயிறு வேண்டாம். இழுவைப் பலகைகள் மூடிக்கு மேலே, வெளியே. பட்டைகள் தண்ணீர் புகாத பையில். நைலான் நனைந்தால் வலு குறையும், நனைந்து உறைந்தால் மூங்கில் கழி.

கட்டி முடித்ததும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, சவலையும் செயினையும் எடுத்துப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

ஐந்தாம் படி: வழியும் கடிகாரமும்

அதிகாலை நாலு மணிக்குக் கிளம்பும் நம் வழக்கத்தை ஜனவரியில் விட்டுவிடுங்கள். முர்த்தல், பானிபட் பக்கம் மூடுபனியில் பானெட்டே தெரியாது. பயணம் முழுவதிலும் ஆபத்தான இடம் அநேகமாக அதுதான், மலை இல்லை. வெயில் வந்த பிறகு புறப்பட்டு, சிம்லாவுக்குக் கீழேயே முதல் இரவு தங்குங்கள்.

அடுத்த தடை 2,700 மீட்டரில் உள்ள நார்கண்டா. அங்கே விழுவது ஈரப்பனி, வாகனங்கள் ஏறி ஏறி அது கண்ணாடியாகிவிடும். மூடினால் பசந்த்பூர், லூரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அதை ஏமாற்றமாக நினைக்காமல் போங்கள்.

காப் பாலத்தில் ஸ்பிதி ஆறு சட்லஜில் சேரும் இடத்தைத் தாண்டியதும் பாலைவனம். அங்கே பனி குறைவு, பொடியாக இருக்கும். தொந்தரவு ஐஸ்தான். மதியம் உருகி சாலையில் ஓடும் ஓடைத் தண்ணீர், மூன்று மணிக்கு மலைநிழல் விழுந்ததும் உறைய ஆரம்பிக்கும். தார்ச்சாலை கறுப்பாக ஈரம் போலத் தெரியும், அது ஈரம் இல்லை. காலை பத்துக்கு வண்டி எடுத்து மூன்றுக்குள் நிறுத்திவிடுவது என் வழக்கம். காசாவிலிருந்து மணாலிப் பக்கம் இறங்கலாம் என்று யோசிக்காதீர்கள், 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்சும் கணவாய் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். போன வழியேதான் திரும்ப வேண்டும்.

டயர் காற்றில் ஒரு வேடிக்கை உண்டு. டெல்லியில் 20 டிகிரியில் 35 பாயின்ட் (psi) அடித்தால், மைனஸ் 20-இல் குளிரினால் ஏழு பாயின்ட் இறங்கும். ஆனால் காசாவின் 3,650 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் ஐந்து பாயின்ட் கூட்டிக் காட்டும். இரண்டும் கிட்டத்தட்ட சரிக்கட்டிக்கொள்ளும். அதனால் மேலே போய் அவசரப்பட்டுக் காற்றடிக்காதீர்கள், அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரவில் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள்.

ஆறாம் படி: மாட்டிக்கொண்டால்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஒரு முறை சுழன்ற சக்கரம் பனியை உருக்குகிறது, இரண்டாவது முறை அதை ஐஸாக்குகிறது. இறங்கி முதலில் பாருங்கள்: சரிவு எந்தப் பக்கம், புகைக்குழாய் திறந்திருக்கிறதா, பின்னால் வளைவில் வரும் லாரிக்கு நீங்கள் தெரிவீர்களா. முக்கோணத்தை வளைவுக்கு அந்தப்பக்கம் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு சவல். சக்கரத்தைத் தோண்டுவதற்கு முன் வண்டியின் வயிற்றுக்குக் கீழே தோண்டுங்கள். வயிறு பனிமேல் உட்கார்ந்திருக்கும் வரை சக்கரத்துக்கு என்ன செய்தாலும் பயனில்லை. பத்து வாரல், ஒரு நிமிட ஓய்வு. காசா உயரத்தில் டெல்லியைவிட மூன்றில் ஒரு பங்கு ஆக்ஸிஜன் குறைவு. மூச்சு வாங்கினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஸ்டியரிங்கை நேராக்குங்கள். வந்த தடத்திலேயே பின்னால் போவதுதான் பெரும்பாலும் சுலபம். சக்கரத்துக்கு முன்னோ பின்னோ பலகையைச் செருகி, ஐஸ் என்றால் மணல் தூவி, லோ ரேஞ்சில் இரண்டாவது கியரில் மெல்ல. வரவில்லை என்றால் செயின். ஆழமான பொடிப்பனி என்றால் காற்றை 20 வரைக்கும் இறக்கலாம், வெறும் ஐஸில் அதனால் பெரிய லாபம் இல்லை. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் தொங்குகிறது என்றால் எதையும் செய்யாதீர்கள். எல்லோரும் மலைப்பக்கக் கதவு வழியாக இறங்கி, அடுத்த லாரிக்குக் காத்திருங்கள்.

இருட்டிவிட்டது, வண்டி வரவில்லை என்றால் அதை விட்டு நடக்காதீர்கள். தூங்கும் பைக்குள் போய், ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்து, சூடு வேண்டுமானால் மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சின். ஒவ்வொரு முறையும் எஞ்சினைப் போடுவதற்கு முன்பே இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனி வாரிவிட்டு.

தாருக்குப் போகும்போது

செயின், பதர்பூர் பை இரண்டையும் இறக்கிவிடுங்கள், மற்றதெல்லாம் இருக்கட்டும். தூங்கும் பையும்தான். சுரூவில் 2019 ஜூனில் 50 டிகிரியைத் தாண்டியது, அதே ஊர் ஜனவரி இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். சாம் மணல்மேட்டில் டயர் காற்றை 15, 18-க்கு இறக்குங்கள். விடியற்காலை மணல் ஈரத்தில் இறுகியிருக்கும், ஓட்ட அதுவே நல்ல நேரம். ஸ்பிதியில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் இங்கே கிளம்புகிற நேரம். மணலுக்குத் தனி வண்டியாக இறங்க வேண்டாம். கைனடிக் கயிறுக்கு மறுமுனையில் இன்னொரு வண்டி வேண்டுமே.

திரும்பி வந்ததும்

அடிப்பகுதியை நன்றாகக் கழுவுங்கள். செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, பழைய கோதுமைச் சாக்கில் கட்டுங்கள். பட்டைகளை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், வெயில் நைலானைத் தின்றுவிடும். எங்கள் மாடியில் நிழல் விழும் கொடிக்கு ஜனவரி முழுக்கப் போட்டி. சித்திக்கு அங்கே அப்பளம் காய வேண்டாம், ஆனால் பட்டுப்புடவை காய வேண்டும். எட்டு டன் பட்டை இப்போது படிக்கட்டுக் கைப்பிடியில்தான் தொங்குகிறது.